செட்டாப் பாக்ஸை மானிட்டரில் மாட்டினால் படம் ஏன் மங்குகிறது: எதை மாற்றுவது, எதை விட்டுவிடுவது

கம்ப்யூட்டரின் எழுத்துகளைக் கூராகக் காட்டும் அதே மானிட்டர், கேபிள் செட்டாப் பாக்ஸை மாட்டியதும் முகங்களை மெழுகில் வார்த்ததுபோலக் காட்டுகிறது. தலைமுடி ஒரே திட்டாக ஒட்டிக்கொள்கிறது. ஓடும் ஆட்டக்காரரைச் சுற்றிச் சதுரம் சதுரமாக ஏதோ நடுங்குகிறது. கீழே நகரும் செய்தி வரியின் ஓரங்கள் சீப்புப் பல் மாதிரி பிரிகின்றன. டிவி வாங்கும் செலவை மிச்சப்படுத்தலாம் என்று சும்மா இருந்த மானிட்டரை எடுத்து மாட்டியவர்களில் பெரும்பாலோர் இதைப் பார்த்திருப்பார்கள்.

உடனே கை போவது கேபிளுக்கு. நானும் அப்படித்தான் செய்தேன். ஏற்கெனவே எச்டிஎம்ஐ கேபிள் இருந்தும், அது மட்டமானதாக இருக்கும் என்று நினைத்து, தங்கமுலாம் பூசிய தடிமனான இன்னொன்றை வாங்கி மாட்டினேன். படம் இம்மியும் மாறவில்லை. சலிப்போடு ரிமோட்டில் மெனு பொத்தானை அழுத்தியபோதுதான் விஷயம் பிடிபட்டது. குழம்பிக் கிடந்த படத்தின் மேல் மெனு எழுத்துகள் துல்லியமாக, அச்சடித்ததுபோல நின்றன. அதே கேபிள், அதே மானிட்டர், அதே நொடி. எழுத்து தெளிவாக வருகிறது, படம் வரவில்லை. அப்படியானால் குற்றவாளி கேபிளும் இல்லை, மானிட்டரும் இல்லை.

கேபிளை மாற்றலாமா, பாக்ஸை மாற்றலாமா, செட்டிங்கை மாற்றினால் போதுமா, இல்லை பேசாமல் ஒரு டிவியே வாங்கிவிடலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் செய்ய வேண்டிய சோதனை இதுதான். காசு செலவில்லை, ஒரு நிமிடம் போதும்.

முதலில் மெனுவைப் பாருங்கள்

மெனு கேபிள்காரர் அனுப்பும் சிக்னலில் வருவதில்லை. பாக்ஸே அதை வரைகிறது. அதனால் மெனு தெளிவாகவும் சேனல் மங்கலாகவும் இருந்தால், உள்ளே வரும் படமே சிறியது, அல்லது அனுப்ப வசதியாக அதன் தரவைக் குறைத்து அதிகமாக நசுக்கப்பட்டது என்று அர்த்தம். மெனு எழுத்துகளும் சேர்ந்து மங்கி, ஓரங்களில் நிறம் வழிந்து தெரிந்தால், கோளாறு பாக்ஸின் அவுட்புட் செட்டிங்கிலோ கேபிளிலோ மானிட்டரிலோ இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: சில பழைய பாக்ஸ்கள் மெனுவையே சிறிய அளவில் வரைந்து பெரிதாக்கும். அவற்றில் எழுத்தின் ஓரம் படிக்கட்டு மாதிரி தெரியும். அது பரவாயில்லை. வழிசலையும் நிழலையும்தான் நாம் தேடுகிறோம்.

அடுத்து, ஒரே நிகழ்ச்சி எச்டி (புள்ளிகள் அதிகமுள்ள) சேனலிலும் எஸ்டி (புள்ளிகள் குறைந்த சாதாரண) சேனலிலும் வந்தால் மாற்றி மாற்றிப் பாருங்கள். பெரிய வித்தியாசம் தெரிந்தால் இணைப்பு நன்றாகவே இருக்கிறது. வித்தியாசமே தெரியவில்லை என்றால் நடுவில் ஏதோ ஒன்று எச்டி படத்தையும் எஸ்டி அளவுக்குக் குறைக்கிறது. அந்த ‘ஏதோ ஒன்று’ பெரும்பாலும் மஞ்சள் பின் கேபிளாகவோ, பாக்ஸ் எத்தனை புள்ளிகளில் படத்தை அனுப்புவது என்று முடிவு செய்யும் ரெசல்யூஷன் செட்டிங்காகவோ இருக்கும்.

மூன்றாவதாக, முடிந்தால் அதே எச்டிஎம்ஐ துளையில் கம்ப்யூட்டரை மாட்டிப் பாருங்கள். அங்கே படம் சுத்தமாக இருந்தால் மானிட்டரின் மேல் பழி போட இடமில்லை.

கோளாறின் முகத்தைப் பார்த்தும் நிறைய சொல்லிவிடலாம். படம் கட்டம் கட்டமாக உடைந்து, நின்று நின்று ஓடி, குரலும் அறுபட்டால் அது தெளிவுப் பிரச்சினையே இல்லை. சிக்னல் பலவீனமாக இருக்கிறது. டிஜிட்டலில் சிக்னல் குறைந்தால் படம் மெல்ல மங்காது. ஒரு எல்லை வரை முழுதாக வரும், அதைத் தாண்டினால் உடையும். அதற்கு மானிட்டர் பக்கம் என்ன செய்தாலும் பலனில்லை. சுவரிலிருந்து வரும் கோஆக்ஸ் கேபிளின் முனை இறுக்கமாக இருக்கிறதா, வழியில் எத்தனை ஸ்ப்ளிட்டர் இருக்கின்றன என்று பாருங்கள். இரண்டாகப் பிரிக்கும் ஒரு ஸ்ப்ளிட்டரிலேயே சுமார் 3.5 டெசிபல் போய்விடும், அதாவது சிக்னலின் பாதிக்கு மேல். தேவையில்லாத ஸ்ப்ளிட்டரைக் கழற்றிவிட்டு நேராக மாட்டிப் பாருங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் கேபிள்காரரைக் கூப்பிட வேண்டியதுதான். சிக்னல் கோளாறு உள்ளவர்களுக்கு இதற்கு மேல் இந்தக் கட்டுரை உதவாது. மற்றவர்கள் தொடரலாம்.

எந்தக் கேபிள்: இங்கே வித்தியாசம் உண்மையில் பெரியது

தங்கமுலாம் விஷயத்தில் நான் ஏமாந்ததைச் சொன்னேன். ஆனால் கேபிளின் வகை வேறு, கேபிளின் விலை வேறு. வகை மாறினால் படம் கண்டிப்பாக மாறும்.

மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று பின் உள்ள ஏவி கேபிளில், மஞ்சள் ஒன்றில்தான் படம் முழுவதும் வருகிறது. வெளிச்சமும் நிறமும் ஒரே கம்பியில் கலந்து வருவதால், மறுமுனையில் அவற்றை முழுதாகப் பிரிக்க முடிவதில்லை. சிவப்பு எழுத்தின் ஓரத்தில் நிறம் வழிவதும், நிறம் மாறும் இடத்தில் சிறு புள்ளிகள் ஊர்வதும் இதனால்தான். போதாததற்கு, இந்தக் கேபிள் எச்டியைச் சுமக்கவே சுமக்காது. பாக்ஸ் எச்டியாக இருந்தாலும், சேனல் எச்டியாக இருந்தாலும், மஞ்சள் பின்னில் வெளிவருவது 576 அல்லது 480 வரிகள் கொண்ட படம் மட்டுமே.

மானிட்டர்களில் பொதுவாக மஞ்சள் துளை இருக்காது. அதனால் நடுவில் ஒரு சின்ன கன்வெர்ட்டரை வைப்பார்கள். ஏவியிலிருந்து விஜிஏவுக்கு (மானிட்டர்களின் பழைய வகை இணைப்பு), அல்லது ஏவியிலிருந்து எச்டிஎம்ஐக்கு. அதன் அட்டையில் 1080பி (1080p, அதாவது 1080 வரிகள் கொண்ட முழு எச்டி) என்று அச்சடித்திருக்கும். அது பொய்யில்லை, வெளிவரும் சிக்னல் 1080பிதான். ஆனால் உள்ளே போனது பழைய கலவைப் படம். அதை இழுத்துப் பெரிதாக்கித்தான் தருகிறது. பாக்ஸில் வேறு துளையே இல்லை என்றால் ஒழிய, இந்த வழியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். மங்கலான படத்துக்கு இதைவிட உறுதியான பாதை இல்லை.

பச்சை, நீலம், சிவப்பு என்று படத்துக்கே மூன்று கம்பி தரும் காம்போனென்ட் கேபிள் இதைவிட எவ்வளவோ மேல். ‘1080ஐ’ (1080i) எனப்படும் எச்டி படம் வரை சுமக்கும். ஆனால் மானிட்டர்களில் இந்தத் துளை அரிது, புதிய பாக்ஸ்களிலும் குறைந்துவருகிறது. உங்களிடம் இரு பக்கமும் இருந்தால் தயங்காமல் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் இதற்காக எதையும் வாங்க வேண்டாம்.

எச்டிஎம்ஐ இருக்கும்போது வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை. படம் எண்களாகவே போகிறது, வழியில் நிறம் கலப்பதில்லை. விலை குறைந்த கேபிளிலும் அதே எண்கள்தான் போய்ச் சேரும். கேபிள் உண்மையில் கெட்டுப்போயிருந்தால் திரையில் வெள்ளைப் புள்ளிகள் மின்னும், அல்லது படம் நொடிக்கு நொடி அணைந்து வரும். ‘கொஞ்சம் மங்கலாக’ மட்டும் தெரிவது எச்டிஎம்ஐ கேபிளின் நோய் அல்ல.

மானிட்டரில் எச்டிஎம்ஐ இல்லாமல் டிவிஐ (DVI) என்ற டிஜிட்டல் துளை மட்டும் இருந்தால் கவலைப்படாதீர்கள். படத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே மொழி பேசுகின்றன. ஒரு முனை எச்டிஎம்ஐ, மறுமுனை டிவிஐ என்று இருக்கும் சாதாரண கேபிள் போதும், நடுவில் கன்வெர்ட்டர் தேவையில்லை, தெளிவும் குறையாது. கவனிக்க வேண்டியவை மூன்று. டிவிஐ வழியாகப் பொதுவாகக் குரல் வராது, அதற்குப் பாக்ஸின் சிவப்பு வெள்ளைப் பின்களிலிருந்து ஸ்பீக்கருக்குத் தனியாக வயர் இழுக்க வேண்டும். இரண்டாவது, நகலெடுப்பைத் தடுக்கும் எச்டிசிபி என்ற பூட்டு. மிகப் பழைய டிவிஐ மானிட்டர்களில் அதற்கான சாவி இருக்காது. அப்போது திரை கறுப்பாகவே நிற்கும், அல்லது பாக்ஸ் ஒரு எச்சரிக்கையைக் காட்டும். மூன்றாவது, படம் முழுவதும் ரோஸும் பச்சையுமாகத் தெரிந்தால், பாக்ஸ் டிவிக்கான நிற முறையில் அனுப்புகிறது, மானிட்டருக்கு அது புரியவில்லை. பாக்ஸின் மெனுவில் நிற அமைப்பைக் கம்ப்யூட்டர் பயன்படுத்தும் ஆர்ஜிபிக்கு (RGB) மாற்றினால் சரியாகிவிடும்.

விஜிஏ மட்டுமே உள்ள மானிட்டர் என்றால் நிலைமை கொஞ்சம் சிக்கல். எச்டிஎம்ஐயை விஜிஏ ஆக்க உள்ளே சில்லு உள்ள கன்வெர்ட்டர் வேண்டும், வெறும் வயரால் ஆகாது. எச்டிசிபி பூட்டு இங்கேயும் குறுக்கே வரலாம், கம்ப்யூட்டரோடு ஓடும் கன்வெர்ட்டர் பாக்ஸோடு ஓடாமல் போகலாம். திருப்பித் தரும் வசதி இருந்தால் மட்டும் வாங்கிப் பாருங்கள். ஓடிவிட்டால் படம் மஞ்சள் பின்னைவிடப் பல மடங்கு நன்றாகவே இருக்கும்.

பாக்ஸின் ரெசல்யூஷன்: பெரும்பாலோர் தொடாத இடம்

சரி, எச்டிஎம்ஐ மாட்டியாயிற்று. இன்னும் மங்கல். மெனு எழுத்தும் சேர்ந்து மங்கல். இந்த நிலையில் நான் முதலில் பார்ப்பது பாக்ஸின் செட்டிங்ஸில் உள்ள வீடியோ அவுட்புட்தான். மற்ற எல்லா வழிகளையும்விட இதற்கு அதிக நேரம் கொடுங்கள். இலவசம், பலனும் அதிகம்.

எஸ்டி படத்தில் 720 × 576 புள்ளிகள் இருக்கின்றன, அதாவது 4,14,720. முழு எச்டி மானிட்டரில் 1920 × 1080, அதாவது 20,73,600. வகுத்துப் பாருங்கள், சரியாக ஐந்து மடங்கு. 480 வரி முறையைப் பின்பற்றும் நாடுகளில் ஆறு மடங்கு. ஆக, எஸ்டி சேனல் ஓடும்போது உங்கள் திரையில் தெரியும் ஒவ்வொரு ஐந்து புள்ளியிலும் ஒன்றுதான் அனுப்பப்பட்டது. மீதி நான்கை யாரோ ஊகித்து நிரப்புகிறார்கள். அதை யார் செய்வது என்பதைத்தான் அவுட்புட் செட்டிங்கில் நீங்கள் முடிவு செய்கிறீர்கள்.

அவுட்புட்டை ‘576ஐ’ (576i) அல்லது ‘480ஐ’ (480i) என்று வைத்தால் பாக்ஸ் கைகழுவிவிடும், ஊகிக்கும் வேலை முழுவதும் மானிட்டருக்கு. டிவியில் இந்த வேலைக்கென்றே நல்ல சில்லு இருக்கும். மானிட்டர் செய்தவர்களுக்கு அந்தத் தேவை இருந்ததில்லை. கம்ப்யூட்டர் எப்போதும் திரையின் அளவுக்கே படத்தை அனுப்பிவிடும் என்ற நம்பிக்கையில் செய்த பொருள் அது. ஆகவே மானிட்டரிடம் இந்த வேலையைக் கொடுப்பது, படம் மங்குவதற்கு நாமே வழி திறந்துவிடுவதுதான்.

அப்புறம் அந்த ‘ஐ’, ‘பி’ விவகாரம். 1080பி என்றால் எல்லா வரிகளும் ஒரே தடவையில் வரும். 1080ஐ என்றால் முழுப் படம் ஒரே தடவையில் வருவதில்லை. முதலில் ஒற்றைப்படை வரிகள் 540, பிறகு இரட்டைப்படை வரிகள் 540 என்று மாறி மாறி வருகின்றன. நிற்கும் படத்தில் இது தெரியாது. நகரும் பொருளில், முதல் பாதி எடுத்த நேரத்துக்கும் அடுத்த பாதி எடுத்த நேரத்துக்கும் இடையில் பொருள் கொஞ்சம் நகர்ந்திருக்கும். இரண்டையும் அப்படியே பின்னினால் ஓரம் சீப்பாகப் பிரியும். செய்தி வரியில் தெரிந்த சீப்புப் பல் இதுதான். நல்ல டிவி இதை அழகாகச் சேர்க்கும். பல மானிட்டர்கள் பாதி வரிகளைத் தூக்கிப் போட்டுவிட்டு மீதியை இரட்டிப்பாக்கும். சில மானிட்டர்கள் 1080ஐயை ஏற்கவே ஏற்காது.

ஆகவே என் வரிசை இது. பாக்ஸில் 1080பி இருந்தால் அதையே வையுங்கள். வரிகளைச் சேர்ப்பதும் பெரிதாக்குவதும் பாக்ஸிலேயே முடிந்து, மானிட்டருக்குத் தன் புள்ளிகளுக்குச் சரியாகப் பொருந்தும் படம் போகும். 1080பி இல்லை, 720பியும் 1080ஐயும்தான் இருக்கின்றன என்றால், மானிட்டரில் முதலில் 720பியை முயலுங்கள். எண்ணிக்கையில் 1080 பெரிதாகத் தெரிந்தாலும், மானிட்டரில் ஓட்டப் பந்தயமும் கால்பந்தும் 720பியில்தான் சுத்தமாக வரும். டிவியாக இருந்தால் நான் இதை மாற்றிச் சொல்வேன், அங்கே 1080ஐ பெரும்பாலும் மேல்.

‘ஆட்டோ’ அல்லது ‘நேட்டிவ்’ என்று ஒன்று சில பாக்ஸ்களில் இருக்கும். ஒவ்வொரு சேனலையும் அது வந்த அளவிலேயே அனுப்பும். நல்ல டிவிக்கு இது அருமையான செட்டிங். மானிட்டருக்கு வேண்டாம். சேனல் மாற்றும்போதெல்லாம் திரை ஓரிரு நொடி கறுத்து வரும், எஸ்டி சேனலில் ஊகிக்கும் வேலை மறுபடி மானிட்டரின் தலையில் விழும்.

1366 × 768 மானிட்டர் வைத்திருப்பவர்களுக்கும் 720பிதான். 2560 × 1440 என்றால் 1080பி கொடுங்கள், கொஞ்சம் மென்மையாகத் தெரிவது இயல்பு. 4கே மானிட்டரில் எஸ்டி சேனலைப் போடுவது இருபதில் ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு மீதியை வரைவது. அதில் அதிசயம் எதிர்பார்க்கக் கூடாது.

இன்னொரு எண்ணையும் கவனியுங்கள். சில நாடுகளில் ஒளிபரப்பு நொடிக்கு 50 தடவை படம் மாறும் கணக்கில் ஓடுகிறது, சில நாடுகளில் 60. மானிட்டர்கள் 60க்குப் பழகியவை. பல மானிட்டர்கள் 50ஐயும் ஏற்கும், சில ‘வரம்புக்கு வெளியே’ என்று காட்டிவிட்டு அணைந்துவிடும். பாக்ஸில் இரண்டும் இருந்தால் ஒளிபரப்பின் எண்ணையே வையுங்கள். 50இல் வருவதை 60இல் காட்டினால், பக்கவாட்டில் நகரும் காட்சியில் ஒரு தடுக்கல் தெரியும். தெளிவு கெடாது, ஆனால் கண்ணுக்கு உறுத்தும்.

மானிட்டரின் செட்டிங்ஸ்

வெளுத்த படம், சாம்பல் பூத்த கறுப்பு. இதைப் பலர் மானிட்டரின் தரம் என்று எண்ணி விட்டுவிடுகிறார்கள். டிவி உலகத்தில் கறுப்பு என்றால் 16, வெள்ளை என்றால் 235. கம்ப்யூட்டர் உலகத்தில் கறுப்பு 0, வெள்ளை 255. பாக்ஸ் டிவி கணக்கில் அனுப்பி, மானிட்டர் கம்ப்யூட்டர் கணக்கில் படித்தால், கறுப்புக்குப் பதில் சாம்பல் வரும், வெள்ளையும் சோர்ந்துபோகும். தலைகீழாக நடந்தால் இருட்டுக் காட்சியில் கறுப்புச் சட்டையின் மடிப்புகள் காணாமல் போகும். மானிட்டர் மெனுவில் ஆர்ஜிபி ரேஞ்ச், எச்டிஎம்ஐ பிளாக் லெவல் என்ற பெயர்களில் ஒரு தேர்வு இருக்கும், அல்லது உள்ளீட்டை ‘பிசி’, ‘ஏவி’ என்று மாற்றும் வசதி இருக்கும். மாற்றிப் பாருங்கள். படத்தின் மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை வரும் சினிமாவைப் போட்டு, அறை விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் உடனே தெரியும். பட்டை முடிந்தவரை திரையின் சட்டத்தோடு கலந்து மறைய வேண்டும்.

படத்தின் ஓரம் வெட்டுப்பட்டால், சேனலின் சின்னம் பாதி வெளியே போனால், மானிட்டர் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓரத்தை மறைக்கிறது. ஓவர்ஸ்கேன் என்பார்கள். பழைய குழாய் டிவி காலத்துப் பழக்கம். வெட்டுப்படுவது சின்ன விஷயம். 1080பி படத்தை மறுபடி இழுத்துப் பெரிதாக்குவதால் முழுப் படமும் மங்குகிறது, அதுதான் பெரிய விஷயம். நீங்கள் பாக்ஸில் சரியாக அமைத்ததெல்லாம் இங்கே வீணாகிவிடும். மானிட்டரில் இதை அணைத்துவிடுங்கள்.

ஷார்ப்னெஸ் பற்றி ஒரு வார்த்தை. மங்கலாகத் தெரிகிறது என்று இதை ஏற்றாதீர்கள். இல்லாத நுணுக்கத்தை அது கொண்டுவராது. ஓரங்களைச் சுற்றி வெள்ளைக் கோடு போடும், நசுக்கப்பட்ட படத்தின் சதுரங்களைத் தூக்கிக் காட்டும். எஸ்டி சேனலுக்கு இதைக் குறைப்பதே நல்லது. எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை என்றால், அதே துளையில் கம்ப்யூட்டரை மாட்டி, எழுத்தைச் சுற்றி வெள்ளை நிழல் மறையும் இடத்தில் வைத்துவிட்டுப் பாக்ஸைத் திருப்பி மாட்டுங்கள். டைனமிக் காண்ட்ராஸ்ட், படத்தை மேம்படுத்துவதாகச் சொல்லும் மற்ற பொத்தான்கள் எல்லாவற்றையும் அணைத்தே வைக்கலாம்.

முகங்கள் அகலமாகத் தெரிந்தால், 4:3 படம் 16:9 திரைக்கு இழுக்கப்படுகிறது. பாக்ஸிலோ மானிட்டரிலோ ஒரு இடத்தில் மட்டும் சரிசெய்யுங்கள். இரு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தால் வரட்டும்.

எச்டி பாக்ஸுக்கு மாறுவதா, டிவி வாங்குவதா?

இதுவரை சொன்னதெல்லாம் செய்தாயிற்று. மெனு தெளிவாக இருக்கிறது, எஸ்டி சேனல்கள் மட்டும் இன்னும் மெழுகுதான். இனி செலவு. இங்கேதான் உண்மையான தேர்வு இருக்கிறது.

எஸ்டி சேனல் மங்குவதற்குப் புள்ளிகள் குறைவு என்பது பாதிக் காரணம். மீதிப் பாதி நசுக்கல். கேபிளில் 8 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு அலைவரிசையில், 256 க்வாம் என்ற டிஜிட்டல் அனுப்பு முறையில் நொடிக்குச் சுமார் 50 மெகாபிட் போகலாம். அதை எத்தனை சேனல்கள் பங்குபோடுகின்றன என்பது அனுப்புகிறவரின் கையில். நெருக்கினால் ஒவ்வொன்றின் பங்கும் சுருங்கும். பாடுபவரின் முகத்தில் அது அவ்வளவாகத் தெரியாது, அசைவு அதிகமான இடத்தில் நன்றாகத் தெரியும்: மழை, அலை, கைதட்டும் கூட்டம், புல்வெளி. 1990களில் வந்த எம்பெக்-2 முறையில் அனுப்பும் சேனலைவிட, 2003இல் வந்த எச்.264 முறையில் அதே அளவு பிட்டுக்கு நல்ல படம் வரும். ஆனால் பழைய பாக்ஸுக்குப் புதிய முறை புரியாது. ஆகவே பழைய எஸ்டி பாக்ஸிலிருந்து எச்டி பாக்ஸுக்கு மாறுவதில் புள்ளிகள் மட்டும் கூடுவதில்லை, நசுக்கல் முறையும் பெரும்பாலும் மேம்படுகிறது.

எனவே நீங்கள் தினமும் பார்க்கும் ஏழெட்டு சேனல்களை ஒரு தாளில் எழுதுங்கள். அவற்றில் எத்தனைக்கு எச்டி இருக்கிறது என்று பாருங்கள். பாதிக்கு மேல் இருந்தால் எச்டி பாக்ஸும் எச்டி தொகுப்பும்தான் சரியான செலவு. அதைவிடப் பெரிய மாற்றத்தைத் தரும் பொருள் எதையும் நான் பார்த்ததில்லை. ஒன்றிரண்டுக்குத்தான் இருக்கிறது என்றால், எச்டி பாக்ஸ் வாங்கியும் நீங்கள் பார்க்கப்போவது அதே எஸ்டி சேனல்களைத்தான். சேனல் பெயரில் எச்டி என்று இருந்தும், உள்ளே ஓடுவது பழைய எஸ்டி நிகழ்ச்சியைப் பெரிதாக்கியதாக இருக்கலாம். இருக்கிறவர் வீட்டில் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

நடுவில் ஒரு ஸ்கேலர், அதாவது படத்தைப் பெரிதாக்கித் தரும் தனிக் கருவி, வாங்கி வைத்தால் என்ன என்று சிலர் கேட்பார்கள். நல்ல ஸ்கேலர் இருக்கிறது, வேலையும் செய்யும். ஆனால் நல்லது விலை அதிகம், விலை குறைந்தது பாக்ஸே செய்யும் வேலையைத்தான் செய்யும். இல்லாத பிட்டுகளை அதனாலும் கொண்டுவர முடியாது. வெளியிலிருந்து வரும் படத்தைக் கம்ப்யூட்டருக்குள் எடுக்கும் கேப்சர் கார்டு போட்டுக் கம்ப்யூட்டர் வழியாகப் பார்ப்பதும் ஒரு வழி. வரிகளைச் சேர்க்கும் வேலையைக் கம்ப்யூட்டர் மென்பொருள் மிக நன்றாகச் செய்யும், படத்தை ஒரு மூலையில் சின்ன ஜன்னலாக வைத்துக்கொண்டு வேலை பார்க்கலாம். ஆனால் எச்டிஎம்ஐயில் எச்டிசிபி பூட்டு இருந்தால் கார்டு அதை ஏற்காது, மறுபடி மஞ்சள் பின்னுக்கோ காம்போனென்ட்டுக்கோதான் வர வேண்டும். ஜன்னலில் பார்க்கிறவர்களுக்கு மட்டும் இதைச் சொல்வேன்.

டிவியா மானிட்டரா என்பதில் பலர் மறந்துவிடும் ஒன்று, உட்காரும் தூரம். நல்ல பார்வையுள்ள கண்ணால், ஒரு டிகிரியை அறுபதாகப் பிரித்தால் வரும் கோண அளவு வரை பிரித்துப் பார்க்க முடியும். 24 அங்குல மானிட்டரின் உயரம் சுமார் 30 சென்டிமீட்டர். அதில் 576 வரிகளை விரித்தால் ஒரு வரி அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். கணக்குப் போட்டால், சுமார் 1.8 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் அந்த வரிகளைக் கண்ணால் பிரிக்க முடியாது. ஆனால் மேஜையில் மானிட்டரை நாம் பார்ப்பது 60 சென்டிமீட்டரில். அங்கிருந்து பார்த்தால் ஒவ்வொரு குறையும் பூதக்கண்ணாடியில் தெரிவதுபோலத்தான் தெரியும். எச்டி படத்துக்கே 95 சென்டிமீட்டர் வேண்டும்.

ஒரு உறவினர் வீட்டு 32 அங்குல டிவியில் அதே பாக்ஸ் அருமையாகத் தெரிகிறது, என் மானிட்டரில் தெரியவில்லை என்று ஒருவர் வருத்தப்பட்டார். அந்த டிவியை அவர் மூன்று மீட்டர் தள்ளி இருந்த சோபாவில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். 32 அங்குலத்துக்குத் தேவையான தூரம் சுமார் 2.4 மீட்டர்தான். டிவியின் சில்லு உதவியிருக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் தூரமும் சரிபாதி வேலை செய்திருக்கிறது. அவருடைய மானிட்டரைக் கட்டிலிலிருந்து பார்க்கும்படி எதிர்ச் சுவர் ஓரம் நகர்த்தி, ரெசல்யூஷனை 1080பிக்கு மாற்றியதும் டிவி வாங்கும் எண்ணத்தைத் தள்ளிப்போட்டுவிட்டார்.

ஆக, மேஜையில் உட்கார்ந்தபடி அருகிலேயே பார்ப்பீர்கள் என்றால் எச்டி பாக்ஸுக்குச் செலவு செய்யுங்கள், டிவி வாங்கினாலும் அந்தத் தூரத்தில் எஸ்டி மங்கலாகவே தெரியும். குடும்பமாக உட்கார்ந்து, பல கோணத்திலிருந்து, தூரத்தில் பார்ப்பீர்கள், சேனல்களும் பெரும்பாலும் எஸ்டிதான் என்றால் டிவிதான் சரி. ஸ்பீக்கர், ரிமோட், பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத திரை, நல்ல சில்லு எல்லாம் சேர்ந்தே வரும். ஒரே அறையில் தனியாக, பகலில் வேலைக்கும் இரவில் டிவிக்கும் என்று மானிட்டரை வைத்திருப்பவர் இரண்டையும் வாங்க வேண்டியதில்லை. எச்டிஎம்ஐ, 1080பி, ஓவர்ஸ்கேன் அணைப்பு, சரியான பிளாக் லெவல், நாற்காலியை ஒரு மீட்டருக்கு மேல் பின்னால் தள்ளுவது. இத்தனையும் செய்து ஒரு வாரம் பாருங்கள்.

செட்டிங்ஸை மாற்றும் முன் ஒரு சின்ன ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். பழைய நிலையைக் கைபேசியில் படம் பிடித்து வையுங்கள். 1080பிக்கு மாற்றியதும் மானிட்டர் ஏற்காமல் திரை கறுத்துவிட்டால் பதற வேண்டாம். பல பாக்ஸ்கள் பத்துப் பதினைந்து நொடியில் தாமாகவே பழைய நிலைக்குத் திரும்பும். திரும்பவில்லை என்றால், படம் ஏற்கும் வேறொரு டிவியில் அதே பாக்ஸை மாட்டி, ரெசல்யூஷனை 720பிக்கு இறக்கிவிட்டுக் கொண்டுவாருங்கள்.